துறைமுகத்தில் கற்ற அடைமொழிகள்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குதற்கு நம் மாணவர் கைக்கொள்ளும் வழிகளுள் மிகப் பரவலானது பட்டியல் மனனமாகும். கொப்பியொன்றின் நடுவே கோடிட்டு, இடப்புறத்தில் ஆங்கிலச் சொல்லும் வலப்புறத்தில் அதற்கு நேராக ஒரேயொரு தமிழ்ச் சொல்லும் எழுதி, நாளொன்றுக்கு இருபது என உருப்போடுவர். பெயர்ச்சொற்களுக்கு இம்முறை ஒருவாறு உதவும். நங்கூரம் எங்கும் நங்கூரமே. ஆயின் பண்பை விளக்கவரும் அடைமொழிகளிடத்து இம்முறை காலை வாரிவிடும். அவை ஒரு பொருளின் மேல் ஒட்டிய சீட்டுக்கள் அல்ல. எதனோடு சேர்கின்றன, எந்த அளவைக் குறிக்கின்றன, யார் வாயிலிருந்து வருகின்றன என்பவற்றிற்கேற்ப நிறம் மாறுபவை.

சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். வாள் என்பது பொருள். வைத்திருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான் என்னும் கசப்பு அப்பெயரிலே உண்டு. 1956 இன் மொழிச் சட்டமும் அதன்பின் தாய்மொழியிற் பல்கலைக்கழகக் கல்வி வந்தமையும் பற்றி நம் மூத்தோர் நிறையவே எழுதிவிட்டனர். அவ்வாதத்தை இங்கே மீளத் திறக்கும் எண்ணம் எனக்கில்லை. வாளைப் பட்டியலாக வாங்க முடியாது, அதைப் பிடிக்கக் கை பழகவேண்டும் என்பதே நான் சொல்லவருவது. என் கை பழகிய இடம் திருகோணமலைத் துறைமுகம்.

துறைமுகத்தையண்டி வளர்ந்தவனுக்கு ஆங்கில அடைமொழிகள் முதலில் ஊர்ப்பெயர்களாகவே வந்து சேர்கின்றன. உட்துறைமுகத்தில் 'கிறேற் சோபர்', 'லிற்றில் சோபர்' என இரு தீவுகள் உள. 'கிறேற்' என்றதும் மகா அலெக்சாந்தரை நினைக்கும் மாணவன், இங்கே அச்சொல் பெருமையைச் சுட்டாது பருமனை மட்டும் சுட்டுவதைக் கண்ணெதிரே காண்கிறான். கொட்டியாரக் குடாவின் தென்கிழக்கு முனைக்கு, வெளிச்சவீடு அமைக்கப்பட்ட அந்த இடத்துக்கு, 'ஃபவுல் பொயின்ற்' என்று பெயர். பட்டியலிலே 'ஃபவுல்' என்பதற்கு நேரே 'நாறுகின்ற' என்றோ 'அழுக்கான' என்றோதான் இருக்கும். கடல் வரைபடம் பார்ப்பவனுக்கோ அச்சொல் உயிர்காக்கும் சொல். அடியிற் பாறை கிடக்கும், நங்கூரம் சிக்கும், கலம் முட்டும் என்பதற்குக் கடலோடிகள் இட்ட குறிப்பு அது. ஒன்றோடொன்று சிக்கிய கயிறும் அவர்கள் வாயில் 'ஃபவுல்' தான். விளையாட்டு மைதானத்தில் நடுவர் ஊதுவதும் அச்சொல்லுக்கே. நாற்றம், சிக்கல், முறைகேடு ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு குடியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவன் அதை மறப்பதில்லை.

அதே கொட்டியாரக் குடாவிலேதான், மூதூர்க் கரையில், 1660 ஆம் ஆண்டு றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டான். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறையிருந்து, 1679 இல் தப்பியோடி, 1681 இல் தன் நூலை இலண்டனில் வெளியிட்டான். சிறையிருந்த நாளில், தான் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து ஓர் ஆங்கில விவிலியத்தை அவன் பெற்ற கதை பலரும் அறிந்ததே. தாய்மொழியை ஒரு நூலின் துணையோடு காத்தவன், ஊர் திரும்பியதும் தன் நாட்டவர் காணாத தாளிப்பனையோலையையும் அட்டைகளையும் அவர்களுக்கு விளங்க வைக்கவேண்டியவனானான். அவன் செய்தது என்ன? அவர்களுக்குத் தெரிந்த அளவுகளைக் கொண்டு, ஓலை எத்தனை பேரை மழையினின்று மறைக்கும் என்றவாறு விளக்கினான். விவரணம் என்பது அடிப்படையில் இதுதான்.

என் அம்மப்பா டொக்யாட்டிலே வேலைபார்த்தவர். 1957 ஒக்ரோபர் 15 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாதவர். ஆயினும் 'ஸ்லக்' என்றால் கயிறு எவ்வளவு தொய்ந்திருக்கவேண்டும், 'ரோற்' என்றால் எவ்வளவு இறுகியிருக்கவேண்டும் என்பதை அவர் உள்ளங்கை அறியும். ஒருநாள் பாடசாலையிற் படித்த பெருமிதத்தில் 'பாஸ்ற்' என்றால் 'விரைவான' என்று நான் ஒப்புவித்தேன். அவர் சிரித்தார். "கயிறு பாஸ்ற் எண்டா அது அசையாது, தம்பி. ஓடினா அது பாஸ்ற் இல்லை" என்றார். இருவர் சொன்னதும் சரியே. கட்டிய கயிறு 'பாஸ்ற்'; ஓடுகின்ற குதிரையும் 'பாஸ்ற்'. சாயம் போகாத துணியும் 'பாஸ்ற்'. ஆழ்ந்து உறங்குபவனும் 'பாஸ்ற்'. உறுதியாகப் பற்றுதல் என்ற பழம்பொருளிலிருந்து, விடாது நெருங்கித் துரத்துதல் வழியாக, விரைவு என்ற பொருள் பின்னர் கிளைத்தது என்பதைப் பிற்காலத்தில் அகராதிகளிற் கண்டேன். அம்மப்பா கையிற் பிடித்திருந்தது அச்சொல்லின் வேரை.

தமிழ் மாணவர் இதனைக் கண்டு மிரள வேண்டியதில்லை. தொல்காப்பியர் உரிச்சொற்களுக்கென ஓர் இயலே வகுத்தார். உறு, தவ, நனி ஆகியன மிகுதி உணர்த்தும் என்று பலசொல் ஒருபொருளையும், 'கடி' போன்றவற்றைக் கொண்டு ஒருசொல் பலபொருளையும் காட்டினார். நன்னூலார் 'கடி' என்பதற்குப் பதின்மூன்று பொருள் தருகிறார். காவல், கூர்மை, அச்சம், விரைவு, மிகுதி, புதுமை எனத் தேர்வுக்காக அவற்றை வரிசை தவறாது ஒப்புவிக்கும் நம் சிறப்புப்பாட மாணவர், 'பிறெஷ்' என்பதற்கு மட்டும் 'புதிய' என்ற ஒரே பொருளோடு அமைதி காண்பது விந்தை. 'பிறெஷ்' மீன் அன்று பிடித்த மீன். 'பிறெஷ்' நீர் புதுநீரன்று, உப்பில்லாத நன்னீர். முதலாம் வருடத்தாரைச் சுட்டும் 'பிறெஷர்' என்ற சொல்லின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. அதனை அவர்கள் முதல் வாரத்திலேயே தம் மேனியாற் கற்றுக்கொள்கின்றனர். இனி 'பிறெஷ்' காற்று என்பது யாது? குளிர்ந்த இளங்காற்று என்பீராயின், கடலுக்குப் போகாதீர்.

பிரான்சிஸ் போபோர்ட் என்னும் பிரித்தானியக் கடற்படையதிகாரி 1805 அளவில் காற்றின் வலிமையைக் குறிக்க ஓர் அளவுத்திட்டம் வகுத்தார். அதுவரை ஒரு கப்பற்றலைவன் 'பலத்த காற்று' என்று பதிந்ததை மற்றவன் 'நல்ல காற்று' என்று பதிவான். தைரியசாலிக்கு ஒன்று, பயந்தவனுக்கு வேறொன்று. போபோர்ட் சுழியத்திலிருந்து பன்னிரண்டு வரை படிகள் அமைத்து, ஒவ்வொரு படியையும் போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதோடு பிணைத்தார். பன்னிரண்டாம் படியில் எந்தப் பாயும் தாங்காது. 1838 இல் பிரித்தானியக் கடற்படை இத்திட்டத்தைத் தன் பதிவேடுகளுக்குக் கட்டாயமாக்கிற்று. பாய்க்கப்பல் மறைந்தபின் இப்படிகளுக்கு வேக அளவுகள் வந்தன. நிலத்திலிருப்போர் அறியத்தக்க அடையாளங்களும் வந்தன. முகத்தில் காற்றுப்பட்டு இலைகள் சலசலத்தால் 'லைற்'. இலைகளும் சிறுகொப்புகளும் ஓயாது அசைந்தால் 'ஜென்ரில்'. புழுதியும் கடதாசியும் எழும்பினால் 'மொடறேற்'. இலையடர்ந்த சிறுமரங்கள் ஆடத் தொடங்கினால் அதுவே 'பிறெஷ்'. மணித்தியாலத்துக்கு 29 முதல் 38 கிலோமீற்றர் வரை. அதற்கு மேலே 'ஸ்ரோங்'. எட்டாம் படியில் 'கேல்', 62 முதல் 74 வரை.

நான் இதை முதன்முதலில் ஒரு பழைய மாலுமி நூலிற் கண்டபோது வியந்தது அளவுகளைக் கண்டல்ல. அன்றாடப் பேச்சில் மெத்தென்று கிடந்த சொற்களை ஒருவர் எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலே ஆணியடித்து நிறுத்தியிருந்ததைக் கண்டே வியந்தேன். கவிதைக்கு இது ஆகாது என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆகட்டும். கடலிலே நிற்பவனுக்கு முதலில் வேண்டியது கவிதையன்று.

கடலின் நிலைக்கும் இத்தகைய படிவரிசை உண்டு. அலையுயரம் அரை மீற்றர் வரை 'ஸ்மூத்', ஒன்றேகால் வரை 'ஸ்லைற்', ஒன்றேகாலிலிருந்து இரண்டரை மீற்றர் வரை 'மொடறேற்', நான்கு வரை 'றஃப்', ஆறு வரை 'வெறி றஃப்', அதற்குமேல் 'ஹை', 'வெறி ஹை'. பதினான்கு மீற்றரைக் கடந்தால் 'பினொமினல்'. தேர்விற் சித்தியடைந்த நண்பனைப் பாராட்ட நாம் எடுத்து வீசும் அந்தச் சொல், வரைவிலக்கணத்தின்படி நாலுமாடிக் கட்டடம் போன்ற நீர்ச்சுவரைக் குறிக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்த மாணவியொருத்தி திருகோணமலைக்கு வடக்கேயுள்ள மீனவக் கிராமமொன்றைச் சேர்ந்தவள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் அவள் கொப்பியில் முத்து முத்தான எழுத்தில் இருந்தன. வகுப்பிலே வாய்திறவாள். ஒருநாள் பாடம் முடிந்தபின் வந்து, "சேர், மொடறேற் எண்டா மிதமானது தானே?" என்று கேட்டாள். ஆம், பெரும்பாலும் அப்படித்தான், எதைப் பற்றியது என்று வினவினேன். அவள் அண்ணன் பதினெட்டு அடிப் பைபர் படகிலே தொழில் செய்பவர். கைபேசியிலே பார்க்கும் வானிலைச் செயலி ஆங்கிலத்தில் இருந்தது. முந்திய கிழமை ஒரு விடியற்காலை, 'சீ மொடறேற்' என்று கிடந்ததைத் தங்கையிடம் காட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்திற் படிக்கும் தங்கை தன் கொப்பியைப் புரட்டி, மிதமானது என்றாள். அவர் போனார். அலை படகுக்குள் ஏறி, இயந்திரம் நின்று, வலைகளை அறுத்து விட்டுவிட்டு, மற்றொரு படகின் துணையால் பின்னேரம் கரைசேர்ந்தார்.

அவள் அழவில்லை. தன் கொப்பியிலுள்ள மற்றச் சொற்களும் இப்படித்தானா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாக எழுதத் தொடங்கியதே இக்கட்டுரை எனலாம்.

'மிதமான' என்பது பிழையான மொழிபெயர்ப்பன்று. எந்த அகராதியும் அதையே சொல்லும். வின்சுலோவின் 1862 ஆம் ஆண்டு அகராதி போல 67,000க்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கிய பேரகராதியும் சொல்லுக்குச் சொல் தரலாமேயன்றி அளவைத் தராது. இடர் எங்கே உள்ளதெனின், தமிழில் 'மிதம்' ஆறுதல் தரும் சொல். மிதமாக உண், மிதமாகப் பேசு என்கிறோம். அது நன்மையின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கடல்நிலையின் 'மொடறேற்' எந்தப் பக்கமும் சாயாது. பெருங்கப்பலின் மேற்றளத்திலிருந்து பார்ப்பவனுக்கு நடுத்தரம்; பதினெட்டு அடிப் படகிலிருப்பவனுக்கு ஆளுயரத்தை மேவிய அலை. தமிழ் அறிவித்தல்களிலோ 'கொந்தளிப்பு' என்ற ஒரே சொல் 'சற்று', 'ஓரளவு', 'மிக' என்னும் அடைகளை மாற்றி மாற்றி அணிந்து வருவதை வானொலி கேட்போர் அறிவர்.

அடுத்த வகுப்பில் போபோர்ட்டின் படிவரிசையைக் கரும்பலகையில் எழுதி, உங்கள் ஊரிற் காற்றுக்கு என்ன பெயர்கள் என்று பொதுவாகக் கேட்டேன். அன்றுவரை மௌனியாயிருந்தவள் மூச்சுவிடாமற் சொன்னாள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். பின் கரும்பலகையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சேர், இது காத்து எவ்வளவு எண்டு சொல்லுது. எங்கட பேர் காத்து எங்கயிருந்து வருகுது எண்டு சொல்லுது" என்றாள்.

நான் பல நூல்களிற் காணாத தெளிவு அது. ஆங்கில மாலுமி உலகெங்கும் திரிபவன். எந்தக் கடலிலும் செல்லுபடியாகும் வலிமையின் அளவு அவனுக்கு வேண்டும். நம் மீனவன் ஒரு கரையிலே நிலைத்து வாழ்பவன். திசை தெரிந்தால் பருவம் தெரியும், பருவம் தெரிந்தால் மழையும் மீனும் கடலின் குணமும் தெரியும். கச்சான் என்றால் தென்மேற்குப் பருவத்தில் மலைகளைத் தாண்டி இறங்கி, ஈரம் இழந்து, வெப்பமாகக் கிழக்குக்கரையில் வீசும் மேல்காற்று. அது தரையிலிருந்து கடல்நோக்கி வீசுவதால் கரையண்டிய கடல் பெரிதும் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் அதே கரையில் அலை எழும். ஒரு பெயருக்குள் வெப்பமும் வறட்சியும் மாதமும் கடல்நிலையும் அடங்கியுள்ளன. வேகம் மட்டும் இல்லை. (கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைக்கும் நகரத்து நண்பர்கள் பொறுத்தருள்க.) இச்சொல் ஆங்கில வானிலையியற் கலைச்சொல் அகராதியிலும் ஏறியிருப்பதை அவளுக்குக் காட்டியபோது, "எங்கட சொல்லை அவையும் பட்டியலில எழுதினவையோ?" என்று கேட்டாள். வகுப்பு முழுதும் சிரித்தது. கட்டுமரமும் அவ்வாறே அங்கு சென்று, இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகாக உருமாறி நிற்கின்றது. சொற்கள் கடல் கடக்கையில் பொருளைக் கரையில் விட்டுச் செல்வதுண்டு.

புயலைப் பற்றிய சொற்களிலும் இப்படிவரிசை உண்டு. 'சைக்கிளோன்' என்ற சொல்லை வங்கக்கடற் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்ரன் கல்கத்தாவிலிருந்து உருவாக்கினார். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்க வேரிலிருந்து அதை எடுத்தார். இன்று நம் கடலில் 'டிப்ரெஷன்', 'டீப் டிப்ரெஷன்', 'சைக்கிளோனிக் ஸ்ரோம்', அதன்மேல் 'சிவியர்', 'வெறி சிவியர்' என அடைமொழிகள் ஏறிச்செல்கின்றன. 'டிப்ரெஷன்' நாம் 'தாழமுக்கம்' என்பது. தமிழகத்தார் 'காற்றழுத்தத் தாழ்வு' என்பர். 'சைக்கிளோனிக் ஸ்ரோம்' மணித்தியாலத்துக்கு 62 கிலோமீற்றரில் தொடங்குகிறது. 'சிவியர்' 89 இல். 2020 டிசம்பர் 2 ஆந் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவி முதற்படியைச் சேர்ந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது மிக மேலான படி. இரண்டுக்கும் நம் பேச்சில் பெயர் 'சூறாவளி' என்பதே. 78ஐக் கண்ட மூத்தோர் 2020 இல் உறங்காதிருந்தமைக்கு அந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம்.

சொல்லே இல்லாத நாளொன்றும் எமக்கு வாய்த்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலை, கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் கடல் ஊருக்குள் வந்தபோது ஓடியவர்கள் "கடல் வருகுது" என்றே கத்தினர். அதைவிடச் சரியான விவரணம் அன்று எவரிடமும் இருக்கவில்லை. ஆங்கிலம் அறிந்தோர் பலர் நினைவுக்கு வந்தது 'ரைடல் வேவ்', வற்றுப்பெருக்கின் அலை. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வந்ததற்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. இறையனார் களவியலுரையைப் படித்த நமக்குக் 'கடல்கோள்' என்ற சொல் தெரிந்தேயிருந்தது. அதைக் குமரியாற்றோடும் கபாடபுரத்தோடும் தேர்வுத்தாளில் வைத்துப் பூட்டியிருந்தோம். கடல் கொள்ளுதல் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிகழக்கூடியது என்று எந்த வகுப்பிலும் எவரும் கூறவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டபின், யப்பானியச் சொல்லொன்று ஒரே நாளில் எல்லோருக்கும் மனப்பாடமாயிற்று. 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையிலே வாழ்ந்தவர்கள் 'துறைமுக அலை' என்ற சொல்லை அவ்வாறு கற்க நேர்ந்தது.

கொப்பியை எரித்துவிடும்படி நான் அம்மாணவிக்குக் கூறவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடைமொழிக்கும் எதிரே இன்னும் சில நிரல்கள் போடச் சொன்னேன். எச்சொற்களோடு சேரும்? அதற்கு ஒருபடி கீழே நிற்பது எது, மேலே நிற்பது எது? அது கூடாத இடம் எது? 'ஸ்ரோங்' காற்று பலத்த காற்று. 'ஸ்ரோங்' தேநீர் பலத்த தேநீர் ஆகாது, எமக்கு அது சாயம் கூடியது. 'டீப்' கடல் ஆழ்கடல். 'டீப் டிப்ரெஷன்' ஆழமானதன்று, வலுவடைந்தது. இவ்வாறு எழுதினால் நாளொன்றுக்கு இருபது சொல் முடியாது, மூன்று முடியும். அதில் அவளுக்கு முதலில் மனக்குறைதான். ஆண்டிறுதியில் முந்நூறு சொற்கள் தேறின. வகுப்பிலே எழுந்து, தன் ஊரின் வாடைக்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினாள். இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆயினும் ஓரடைமொழியும் இடம் மாறி நிற்கவில்லை.

அந்தக் கொப்பியை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். 'மொடறேற்' என்ற சொல்லுக்கு எதிரே, 'மிதமான' என்பதை அழிக்காமல் விட்டு, கீழே சிவப்பு மையால் எழுதியிருந்தாள்: "கடலுக்கு: ஒன்றேகால் முதல் இரண்டரை மீற்றர். ஆளுக்கு மேலே. சின்னப் படகு இறக்கக்கூடாது." அப்பக்கத்தை அண்ணன் கைபேசியிற் படமெடுத்து வைத்திருப்பதாகவும், இப்போது அவருடன் தொழிலுக்குப் போகும் மற்றவர்களும் அதைக் கேட்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னாள்.